மண்டப வாசலில் கறுப்புப் பட்டை

1

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தென்னாப்பிரிக்காவில் பெண்கள் தினம். அரசு விடுமுறை. கறுப்பினப் பெண்கள் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, ஆயிரக்கணக்கான பெண்கள் தலைநகரில் அரசுக் கட்டடத்தின் முன்னே அரைமணி நேரம் வாய் திறவாமல் நின்ற நாள் அது. இன்று டர்பன் நகரில் அந்நாளுக்குப் பூக்கடைகள் தள்ளுபடி அறிவிக்கின்றன. இங்கே ஆகஸ்ட் குளிர்காலம். காலையில் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு காப்பியோடு உட்கார்ந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. நம் பள்ளியில் என்னோடு பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய தமிழாசிரியை அனுப்பியது.

“டீச்சர், நல்லா இருக்கீகளா? சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீக. ராஜபாளையத்துல ஒங்க தம்பி மகன் கல்யாணத்துல நீங்க கருப்புத்துணியப் போட்டுக்கிட்டு நின்னத இன்னமும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக. வெளிநாட்டுல ஏதோ மதத்துல சேந்துட்டாகன்னு ஒருத்தர் சொல்லுதாரு. தலைக்குச் சொகமில்லன்னு ஒருத்தர் சொல்லுதாரு. நான் என்னத்தச் சொல்ல? இந்த வருச மலர்ல நீங்களே ஒரு வார்த்த எழுதிட்டீகன்னா நல்லது.”

எழுதுகிறேன். நம் பழைய மாணவியர் மலருக்கு ஆண்டுதோறும் நான் அனுப்பும் குறிப்பில் இந்நாட்டின் குளிர், விலைவாசி, இங்குள்ள கோயில்களின் காவடி ஆகியவை இடம்பெறும். இவ்வாண்டு அவற்றுக்கு இடமில்லை. நான் எந்த மதத்திலும் சேரவில்லை. எழுபத்துமூன்று வயதில் பதினேழாம் வாய்ப்பாட்டை இன்றும் பின்னிருந்து சொல்வேன், தலைக்கு ஒன்றுமில்லை. என்னிடம் கணிதம் படித்தவர்கள்தாம் இந்த மலரின் வாசகர்கள். பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு விடை சொல்பவர்களை நான் எப்படி நடத்தினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். முழுக் கணக்கையும் இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

2

என் கணவர் ராஜபாளையத்தில் நூற்பாலைப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தார். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் டர்பன் அருகே ஓர் ஆலை அவரை அழைத்தது. நான் வேலையை விட்டுவிட்டு மகன் முரளியோடு அவருடன் சென்றேன். பிறகு ஆலை மூடப்பட்டது. பதினோராண்டுகளுக்கு முன் அவரும் காலமானார். முரளி அங்கேயே வேரூன்றிவிட்டதால் நானும் தங்கினேன்.

பத்தொன்பது ஆண்டுகளாகச் செவ்வாயும் வியாழனும் ஓர் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போகிறேன். முதியோர் உதவித்தொகை, பிறப்புப் பதிவு, அடையாள அட்டை என்று வருபவர்களுக்குப் படிவம் எழுதித் தருவது வேலை. முதல் வாரம் ஒரு ஜூலு இன முதியவர் எதிரில் வந்து அமர்ந்ததும், பள்ளிப் பழக்கத்தில், “அடையாள எண்?” என்று கேட்டேன். அவர் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். வணக்கம் சொல்லி, நலம் கேட்டு, அவர் நம்மை நலம் கேட்ட பிறகே அங்கே எந்த வேலையும் தொடங்கும். அதைப் பக்கத்து மேசையிலிருந்து சொல்லித் தந்தவர் ரூத். வெள்ளைக்காரப் பெண்மணி; இப்போது வயது எண்பத்தெட்டு.

ரூத் இளமையில் ஓர் இயக்கத்தில் இருந்தவர். அதன் முறையான பெயர் நீளமானது. அவர்கள் தோளில் அணிந்த கறுப்புப் பட்டையைக் கொண்டே நாடு அவர்களை அறிந்தது. ஐம்பதுகளின் நடுவில், கலப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிப்பதற்காக அரசு அரசியல் சட்டத்தையே வளைக்கத் துணிந்தது. தேநீருக்குக் கூடிய சில வெள்ளைக்காரப் பெண்கள் அதைப் பேசிவிட்டுக் கலையாமல், மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள். எதுவும் நடக்கவில்லை. பிறகு நிற்கத் தொடங்கினார்கள். அரசியல் சட்டம் இறந்துவிட்டது, நாங்கள் துக்கம் காக்கிறோம் என்பதற்கு அடையாளமாகத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே கறுப்புத் துணி. அமைச்சர் விமான நிலையத்தில் இறங்கினால் அங்கே நிற்பார்கள். கட்டடம் திறக்க வந்தால் அந்த வாசலில் நிற்பார்கள். அமைச்சர்கள் பின்கதவால் போகத் தொடங்கியதும் பின்கதவிலும் நின்றார்கள்.

நிற்பதற்கு விதிகள் இருந்தன. தலை குனிந்திருக்க வேண்டும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, ஏச்சுக்குப் பதில் சொல்லக்கூடாது. இருப்பதில் நல்ல உடையை உடுத்த வேண்டும். தொப்பியும் கையுறையும் கட்டாயம். வீதியில் சுற்றுகிறவர்கள் என்று எவனும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? முட்டையும் தக்காளியும் எறிந்தார்கள். கணவர்களை மேலதிகாரிகள் அழைத்து எச்சரித்தார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று பிற்பாடு சட்டம் வந்ததும், ஒருத்தி கூட்டம் ஆகமாட்டாள் என்ற கணக்கில், ஆளுக்கு ஓரிடமாகத் தள்ளித்தள்ளித் தனியே நின்றார்கள். அந்த எண்கணிதத்தை ரூத் வாயால் கேட்ட அன்று அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

இவ்வளவையும் தேநீர் வேளைகளில் கேட்டவள் நான். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

3

முரளி, லிண்டிவே என்ற ஜூலுப் பெண்ணை மணக்கப்போவதாகச் சொன்னபோது, இரண்டாண்டுகள் நான் அவனோடு பேசவில்லை. பதிவுத் திருமணத்துக்குப் போகவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, “பெண் பரிசோதனைக்கூட மேலாளர், நல்ல சம்பளம்” என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. புகைப்படம் கேட்டவர்களுக்கு அனுப்பவில்லை. அதுவும் உண்மை. அந்த நாட்களிலும் செவ்வாய், வியாழன் தவறாமல் நிலையத்துக்குப் போய்க் கறுப்பின மக்களுக்குப் படிவம் எழுதினேன். ரூத்தின் கதைகளுக்குத் தலையாட்டினேன்.

பேச்சைத் தொடங்கியவள் லிண்டிவேதான். என் கணவர் மறைந்த பத்தாம் நாள் வந்து, வணக்கம் சொல்லி, நலம் கேட்டு, நான் அவளை நலம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றாள். நான் கேட்க நெடுநேரம் ஆயிற்று. அவள் நகரவில்லை.

முரளிக்கு இன்று தமிழ் பேசவரும், படிக்க மறந்துவிட்டது. இந்த மலரை அவன் புரட்டிப் படம் பார்ப்பான். நான் அனுப்பும் நீண்ட செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். லிண்டிவேதான் பண்டிகை நாட்களைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிடுகிறாள்.

இவ்வாண்டு என் தம்பி கோதண்டம் தொலைபேசியில் அழைத்தான். சத்திரப்பட்டிச் சாலையில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள் வைத்திருப்பவன். அவன் மகனுக்கு ஆனி மாதம் ராஜபாளையத்தில் திருமணம். “அக்கா, அத்தத் தட்டு ஒன் வீட்டுத் தட்டு. மருமகளக் கூட்டிட்டு வந்துரு. அவதான் தூக்கணும்” என்றான்.

அறியாதவர்களுக்காக: பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குச் சீர்த்தட்டுகள் வரிசையாக வரும்போது, தாலியும் மஞ்சளும் வைத்த முதல் தட்டை மாப்பிள்ளையின் அத்தை ஏந்திவருவது எங்கள் வழக்கம். அத்தை கணவனை இழந்தவளாக இருந்தால் அவள் மருமகள் ஏந்துவாள். இது தம்பி எனக்குச் செய்யும் சலுகை அன்று. எங்கள் தந்தை வீட்டில் எனக்குள்ள முறை.

லிண்டிவேக்கு விசா வாங்குவதற்குள் அவள் தாத்தா பிறந்த ஊர் வரை எழுத வேண்டியிருந்தது. முரளியோடு மூவரும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இறங்கிய மறுநாள், அயல்நாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தோடு நானும் அவளும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“வீட்டு வேலைக்குக் கூட்டியாந்திருக்கீகளா?”

“என் மகனின் மனைவி.”

“சும்மா சொல்லுங்கம்மா. வேலைக்குன்னா வேற விசா வேணும். பொறவு எங்களக் கொற சொல்லக்கூடாது.”

“உறவு என்ற கட்டத்தில் மருமகள் என்று எழுதியிருக்கிறேன். தமிழில்தான் எழுதியிருக்கிறேன். படியுங்கள்.”

அவர் படித்தார். அந்தச் சொல்லை நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை. திருமணமாகி அப்போது பதின்மூன்றாண்டுகள் கடந்திருந்தன.

அந்த ஒரு வாரம் முழுவதும் லிண்டிவே மொட்டை மாடியில் பித்தளைத் தட்டில் மூன்று தேங்காய்களை வைத்து, புடவை தடுக்காமல் நடந்து பழகினாள். எதிர் வீட்டு மாடியில் வடகம் பிழிந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான்காம் நாள் ஒரு தேங்காய்கூட உருளவில்லை.

4

திருமணத்துக்கு முந்திய மாலை வரவேற்பு. நாங்கள் மூவரும் மேடை ஏறினோம். முன்னால் போனவர்களுக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்த வீடியோ விளக்கு, நாங்கள் மணமக்களின் அருகில் நின்றதும் தாழ்ந்தது. இறங்கியதும் மறுபடி உயர்ந்தது. நான் அந்த வீடியோக்காரரிடம் போனேன்.

“விளக்கை ஏன் தாழ்த்தினீர்கள்?”

“அம்மா, எம்மேல கோவப்படாதீக. பொண்ணு வீட்டுல சொல்லிட்டாக. அவிய ஃப்ரேமுக்குள்ள வந்தா மொத்த ஆல்பமும் கலர் அடிபடுமாம். வேணும்னா அவியளத் தனியா ஒரு போட்டா எடுத்துத் தாரேன்.”

அந்த மணப்பெண்ணே நல்ல மாநிறம். மாவில் புரட்டியதுபோல் வெளுப்பேற்றி உட்காரவைத்திருந்தார்கள். நிறவெறி என்பது வெள்ளைக்காரன் ஊர்ச் சரக்கு, நமக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்த ஒன்றுக்கு விடை சொல்லுங்கள்.

பந்திக் கூடத்தின் பக்கம் கோதண்டம் என்னை அழைத்துப் போனான்.

“அக்கா, காலைல அந்தத் தட்ட சரோஜா தங்கச்சி தூக்கட்டும்.” சரோஜா அவன் மனைவி.

“ஏன்?”

“சம்பந்தி வீட்டுல ஒரு மாதிரிப் பேசுதாக. நல்ல காரியம், மொத மொத கண்ணுல படுறது... நீ படிச்சவ. வெளக்கிச் சொல்லணுமாக்கும்?”

“தொலைபேசியில் நீயே சொன்னாய்.”

“சொன்னேன். இப்ப இல்லங்கேன். அவளுக்கு என்ன வெவரம் தெரியப்போவுது? கடைசில பழத்தட்டு ஒண்ணத் தூக்கிட்டு வரட்டும். அவளும் தூக்குனமாதிரி ஆச்சு.”

மணி அப்போது ஏழுகூட ஆகவில்லை. முரளியையும் லிண்டிவேயையும் பந்தியில் விட்டுவிட்டுக் கடைவீதிக்கு நடந்தேன்.

முதல் துணிக்கடையில், “கருப்பு வேட்டியா? மால போடுற சீசனுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கேம்மா. கார்த்திகைக்குத்தான் சரக்கு வரும்” என்றார்கள். அடுத்தது ஒரு பாயின் துணிக்கடை. முதலாளியே துணியைப் பிரித்துப் போட்டார்.

“பர்தாவுக்காம்மா? எத்தன மீட்டரு?”

“இரண்டு.”

“ரெண்டு மீட்டர்ல பர்தா வராதேம்மா.”

“பர்தா அன்று. தோளில் பட்டையாகப் போட.”

அவர் கத்தரியை நிறுத்தினார். “துக்கமா?”

“ஆம்.”

“யாரு தவறிட்டாக?”

“ஆள் யாரும் தவறவில்லை.”

அவர் மேலும் கேட்கவில்லை. “துக்கத்துக்குன்னா இழுத்துப் பிடிச்சு அளக்கமாட்டோம்மா” என்று ஒரு சாண் கூடுதலாகவே வெட்டினார். ராஜபாளையத்தில் அந்த இரண்டு நாட்களில் என்னை மரியாதையாக நடத்தியவர் அவர் ஒருவரே.

காரில் திரும்பும்போது தட்டு கைமாறிய செய்தியைச் சொன்னேன். “லெட் இட் கோ, அம்மா” என்றான் முரளி. லிண்டிவே, “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். துணியைப் பற்றி இருவருக்கும் நான் சொல்லவில்லை.

5

காலையில் இருவருக்கும் சொல்லாமல் முதல் பேருந்தில் ராஜபாளையம் வந்தேன். என்னிடமிருந்த சந்தன நிறப் பட்டுப்புடவையை உடுத்தியிருந்தேன். ஆறரை மணிக்கு மண்டப வாசலில், பன்னீர்ச் செம்பு வைத்த மேசைக்கு எதிரே, கறுப்புத் துணியை வலத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போட்டு ஊசி குத்தி, தலை குனிந்து நின்றேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. “ஏதோ வேண்டுதல் போல” என்றது ஒரு குரல். “டீச்சர் கட்சி மாறிட்டாகளோ?” என்று ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். “ஏலே, செல்ல எடு, எடு” என்றான் ஒருவன். வரவேற்பு மேசைப் பெண்கள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு முதிய பெண் குழந்தைகளின் முகத்தைக் கையால் மறைத்து அழைத்துப் போனாள். “நல்ல நாளும் அதுவுமா வாசல்ல வந்து நிக்கா பாரு. ஏட்டி, பாக்காம வா.”

நான் பதில் சொல்லவில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவளுக்குத் தலை குனிந்து நிற்பது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஏழு மணிக்கு மேளத்தோடு தட்டு வரிசை வந்தது. சரோஜாவின் தங்கை முதல் தட்டோடு வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். “அக்கா, எதிர்க்க இப்படி நிக்காகளே, எப்படி உள்ள போக?” மேளம் நின்றது. வரிசை பிள்ளையார் கோயில் பக்கமே திரும்பிப் போயிற்று. பக்கக் கதவால் வரலாமா என்று ஆலோசனை நடந்தது. அங்கே சமையல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சரோஜா வந்தாள். “மதினி, நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? தாலி அறுத்தவ கருப்பக் கட்டிக்கிட்டு எம்பிள்ள கல்யாண வாசல்ல நிக்கலாமா? இதுக்குத்தான் ஏரோப்பிளேன் ஏறி வந்தீகளா?”

கோதண்டம் என் காதருகே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். “அக்கா, அப்பா பேரு நாறுது. இந்த ஊர்ல அப்பாவுக்குன்னு ஒரு பேரு இருக்கு. நீதான் அதக் காப்பாத்துனவ. இப்ப நீயே கெடுக்க.”

அதுதான் தைத்தது.

6

முரளியோடு எங்கள் வாடகைக் கார் வந்து நின்றது. லிண்டிவே இறங்கினாள். பச்சைப் பட்டு, தலையில் பிச்சிப்பூ. கூட்டம் விலகி வழிவிட்டது, மரியாதையால் அன்று. அவள் நேரே என் முன்னால் வந்து நின்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“மா, இது ரூத்திடம் கற்றதா?”

நான் தரையையே பார்த்தேன்.

“என்னிடமும் பேசமாட்டீர்களா?”

பேசக்கூடாது என்பது விதி. தலையைக் குனிந்தபடியே இருந்தேன்.

“நல்லது. நான் பேசுகிறேன். இந்த வாசலில் எல்லோரும் யாரைப் பார்க்கிறார்கள்? என்னையா? தட்டு என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. நேற்று விளக்கு தாழ்ந்தது என் முகத்தில். உங்களுக்குச் சொல்லத் தெரிந்தது, காரில் சொன்னீர்கள். கேட்கத் தெரியவில்லையா? ‘லிண்டிவே, நீ என்ன செய்ய நினைக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை? என் தாயைக் கேட்டார்கள், மா. அந்தப் பெண்கள் கேட்டார்கள்.”

அவள் தாயின் கதை எனக்குத் தெரியும். கணவன் வேலை செய்த நகரத்தில் மனைவி எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது என்ற காலத்தில், அந்த அம்மாள் கைக்குழந்தையோடு பட்டைப் பெண்களின் உதவி நிலையத்துக்குப் போனார். வெள்ளைக்காரியைப் பார்த்ததும் கத்திவிட வேண்டும் என்று போனாராம். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் முதல் கேள்வியாக, “நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” என்று கேட்டதால், கத்த மறந்து, பதில் சொன்னாராம். எங்கள் நிலையத்தில் இன்றும் படிவத்தின் முதல் வரி அதுதான். பெயருக்கும் முன்னால் அந்தக் கேள்வி. புதிதாக வருபவர்கள் அதை விட்டுவிட்டால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தருபவள் நான். பத்தொன்பது ஆண்டுகளாக ஊரார் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை என் வீட்டுப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை. அவளுக்காக நிற்கிறேன் என்று நினைத்தேன். என் தந்தை வீட்டில் என் முறை பறிபோனதற்காகவும் நின்றேன் என்பதே உண்மை.

தலையை நிமிர்த்தினேன்.

“நீ என்ன செய்ய விரும்புகிறாய்?”

“முன் வரிசையில் உட்கார வேண்டும். நேற்றே முடிவு செய்துவிட்டேன். தட்டு வேண்டாம். முன் வரிசை, நடு நாற்காலி. காமெரா எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் இருப்பேன். என் பக்கத்தில் நீங்கள். இந்தத் துணி இல்லாமல்.”

“நான் முன் வரிசையில் உட்காருவதில்லை.”

“யார் சொன்னது?”

யாரும் சொன்னதில்லை. பதினோராண்டுகளாக ஊருக்கு வந்து கலந்துகொண்ட எந்த முகூர்த்தத்திலும் நான் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ‘நீங்க கொஞ்சம் பின்னால இருங்க’ என்று ஒருத்தி என்னிடம் சொல்லும் நிலையை வரவிடக்கூடாது என்பதற்காக, அவர்கள் சொல்வதற்கு முன்பே நான் போய்விடுவேன். அதைத் தன்மானம் என்று வைத்திருந்தேன். அவளுக்கு அதை விளக்க முற்பட்டேன். அவள் முழுவதும் கேட்டாள்.

“என்னையும் அப்படித்தான் இருக்கச் சொல்வீர்களா?” என்றாள்.

ஊசியைக் கழற்றினேன். “கழட்டிட்டாகடோய்!” என்றது கூட்டம். யாரோ கைதட்டினார்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஏச்சு வாங்கியதெல்லாம் அந்தக் கைதட்டலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தோற்றுப்போய்த் துணியை மடிக்கிறாள் என்று ராஜபாளையம் நினைத்தது, இன்னும் நினைக்கிறது. நினைக்கட்டும். மடித்த துணியைக் கைப்பையில் வைத்துவிட்டு, அத்தனை பேரும் பார்க்க, என் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பிறகு பேசிக்கொள்ளலாம், மா. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது” என்றாள். அவளுக்கு அது இன்றுவரை முழுவதும் தீரவில்லை. தீர வேண்டுமென்று நான் அவசரப்படுத்தவும் இல்லை.

உள்ளே போனோம். முரளி எங்கள் பின்னால் வந்தான். முன் வரிசை நடுவில் மூவரும் அமர்ந்தோம். பெண் வீட்டார் ஒருவர் விரைந்து வந்தார். “இது மாப்ள வீட்டு முக்கியமானவுகளுக்குப் போட்ட சீட்டு. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம்...”

லிண்டிவே புன்னகைத்து, என்னைச் சுட்டிக்காட்டி, ஒரு வாரமாகத் தேங்காயோடு சேர்த்துப் பழகிய தமிழில் சொன்னாள். “மாப்பிள்ளைக்கு அத்தை.”

அவர் என்னைப் பார்த்தார். நான் என் பழைய பார்வையைப் பார்த்தேன். போய்விட்டார்.

தட்டு வரிசை மறுபடி வந்தது, மேளம் தொடங்கியது. அட்சதைத் தட்டோடு ஒரு பெண் வரிசையாக வந்தாள். எங்களுக்கு இடப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தாள். எங்கள் மூவரையும் தாண்டி வலப்பக்கம் கையை நீட்டினாள். தட்டு எங்கள் முகத்துக்கு நேரே போயிற்று. லிண்டிவே பதறவில்லை. தட்டின் விளிம்பை இடக்கையால் பிடித்து நிறுத்தி, வலக்கையால் ஒரு பிடி மஞ்சள் அரிசி அள்ளினாள். “தேங்க் யூ” என்றாள். பாதியை என் கையைத் திறந்து கொட்டினாள்.

பதினோராண்டுகளாக எந்த மணமக்கள் மீதும் என் கையால் அட்சதை விழுந்ததில்லை. விரல்களை மூடிக்கொண்டேன். கெட்டிமேளம் கொட்டியது. இருவரும் எழுந்து நின்று போட்டோம். முன் வரிசையிலிருந்து போட்டதால் குறி தப்பவில்லை. அந்த அரிசியை யாரும் பொறுக்கி வெளியே போட்டதாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை.